பொட்டலத்தின் பின்பக்கம்: இரண்டே எழுத்து, தேடினாலும் கிடைக்காது

(அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வேதியியலாளர், வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார்.)

சென்ற இதழில் கடலை எண்ணெய்க் கலப்படம் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: “இங்கே ஆட்டுகிற பருத்திக்கொட்டையில் பெரும்பங்கு மரபணு மாற்றிய பருத்தியிலிருந்து வருவது.” அந்த ஒரு வரிக்கு வந்த கடிதம்தான் இந்தக் கட்டு. கடலை எண்ணெயை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. சரி, இந்த முறை முழுக்க இதையே பார்த்துவிடலாம்.

கேள்வி: அப்படியென்றால் எங்கள் ஊர்ப் பருத்திப்பாலும் மரபணு மாற்றியதுதானா? சின்ன வயதிலிருந்து குடிக்கிறேன். வண்டியில் ஒரு அறிவிப்புகூட இல்லையே?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை)

டீச்சர், உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் சுக்கு வாசனை அடித்தது. பருத்திப்பால் எப்படிச் செய்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கொட்டையை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, மறுநாள் ஆட்டி, துணியில் பிழிந்து பால் எடுப்பார்கள். சக்கையைத் திரும்ப ஆட்டினால் இரண்டாம் பால். அதை அடுப்பில் ஏற்றி, பச்சரிசி மாவைக் கரைத்து ஊற்றி, அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு கருப்பட்டி அல்லது வெல்லப்பாகு, சுக்கு, ஏலக்காய். டம்ளரில் ஊற்றியபின் மேலே தேங்காய்த்துருவல்.

இந்தக் கொட்டையைப் பருத்திப்பாலுக்கென்று யாரும் விளைவிப்பதில்லை. பஞ்சுக்காக விளைந்தது. ஜின்னிங் மில்லில் பஞ்சு ஒரு பக்கம் போக, கொட்டை மறுபக்கம் விழும். அதில் ஒரு பங்கு எண்ணெய் ஆலைக்கு, ஒரு பங்கு மாட்டுத்தீவனக் கடைக்கு. தீவனக் கடையிலிருந்து ஒரு சாக்கு பருத்திப்பால் போடுகிறவர் வீட்டுக்கு. இந்தியாவில் பி.டி. பருத்திக்கு, அதாவது காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்துக்காக ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செருகிய பருத்திக்கு, 2002 மார்ச்சில் அனுமதி கொடுத்தார்கள். இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் அதுதான். கரிசல் பக்கம் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி போடுகிறவர் அங்கொருவர் இங்கொருவர் இருக்கலாம். ஆனால் உங்கள் டம்ளருக்கு வந்த கொட்டை எது என்று வண்டிக்காரருக்கும் தெரியாது, தீவனக் கடைக்காரருக்கும் தெரியாது. சாக்கில் எழுதியிருந்தால்தானே!

அறிவிப்பு ஏன் இல்லை என்று கேட்டீர்கள். லேபிள் விதி பொட்டலத்துக்குத்தான், டம்ளருக்கு இல்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அனுமதி கொடுத்த நாளில் பருத்தியை எல்லோரும் துணியாகத்தான் பார்த்தார்கள். கொட்டைக்குள் எண்ணெய் இருக்கிறது, குஜராத்தில் அந்த எண்ணெயில்தான் பலகாரம் பொரிக்கிறார்கள், மதுரையில் பால் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்பதெல்லாம் பொதுப் பேச்சில் அதிகம் வரவில்லை. ‘இந்தியாவில் மரபணு மாற்று உணவுப்பயிர் கிடையாது’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் இன்றும் இந்தக் கொட்டையை மறந்துவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

நான் குடிப்பேனா? போன மாதம் மதுரை வந்தபோதுகூட இரண்டு டம்ளர். அவ்வளவு நேரம் கொதித்ததில் பி.டி. புரதம் பழைய உருவத்தில் நிற்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்து குடித்தேன். உங்களுக்குத் தெரியாமல் குடிக்க வைத்ததில்தான் எனக்குச் சண்டை.

கேள்வி: பொட்டலத்தில் ‘ஜி.எம்.’ என்று போடச் சொல்லிச் சட்டமே இருக்கிறதாமே? முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். ஒரு பாக்கெட்டில்கூடப் பார்த்ததில்லை. நாளைக்கு எவனாவது வந்து என்னைப் பிடித்தால்?
(மளிகைக்கடைக்காரர், கோவில்பட்டி)

அண்ணாச்சி, உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. நானும் பார்த்ததில்லை.

பொட்டலப் பொருள் விதிகள் 2011இல் வந்தன. 2012 ஜூனில் அதில் ஒரு திருத்தம் செய்து, 2013 ஜனவரி 1 முதல் நடைமுறை என்றார்கள். மரபணு மாற்றிய உணவு உள்ள ஒவ்வொரு பொட்டலமும் அதன் முன்முகத்தில், உச்சியில், ‘ஜி.எம்.’ என்ற இரண்டு ஆங்கில எழுத்தைத் தாங்கியிருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. எத்தனை சதவீதம் இருந்தால் போட வேண்டும், எண்ணெய்க்கும் உண்டா, யார் சோதிப்பது, எந்தக் கூடத்தில் சோதிப்பது என்று ஒரு வரி கிடையாது.

இது யாருடைய விதி தெரியுமா? எடையளவுச் சட்டத்தின் கீழ் வருவது. உங்கள் தராசுக்கு முத்திரை குத்த வருகிறாரே, அவருடைய துறை. நம் மாநிலத்தில் அது தொழிலாளர் துறைக்குள் இருக்கிறது. அரைக்கிலோ பாக்கெட்டில் எடை குறைந்திருந்தால் அவர் பிடிப்பார். எம்.ஆர்.பி. மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். உள்ளே இருக்கும் எண்ணெயின் மரபணுவை அவர் எதை வைத்துப் பார்ப்பார்? அவரைக் குறை சொல்லி ஒன்றும் ஆகாது.

உணவைப் பார்க்க வேண்டிய துறை வேறு. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஒழுங்குமுறை விதி வகுத்து அனுமதித்தால் ஒழிய மரபணு மாற்றிய உணவைத் தயாரிக்கவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்கிறது. அந்த ஒழுங்குமுறை விதியைத்தான் வகுத்து முடிக்கவில்லை. ஆக, மாமியார் ‘அடுப்பே பற்றவைக்காதே’ என்கிறாள், நாத்தனார் ‘வைத்தால் மூடி போட்டு வை’ என்கிறாள். சமையல் என்னவோ நடந்துகொண்டே இருக்கிறது.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2021 நவம்பரில் ஒரு வரைவு வெளியிட்டது. ஒரு பண்டத்தில் 1 சதவீதமோ அதற்கு மேலோ மரபணு மாற்றிய பொருள் இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும் என்றது அது. 2022 நவம்பரில் திருத்திய வரைவு வந்தது. 2024 ஜூலை 23 அன்று மரபணு மாற்றுக் கடுகு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோதும் அது வரைவுதான். கடுகுக்குக் கொடுத்த அனுமதி செல்லுமா என்பதில் நீதிபதிகள் நாகரத்னாவும் சஞ்சய் கரோலும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஆனால் இறக்குமதியாகும் மரபணு மாற்று உணவுக்கு, அதிலும் சமையல் எண்ணெய்க்கு, உணவுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்லும் லேபிள் நிபந்தனையை நிறைவேற்றியாக வேண்டும் என்பதில் இருவரும் ஒன்று. அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த பக்கம் அது. பத்திரிகைகளில் நாலாவது பத்தியில் கிடந்தது.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஒன்றே ஒன்று செய்யுங்கள். மொத்த வியாபாரி தருகிற பில்லைத் தூக்கிப்போடாதீர்கள். உணவுச் சட்டத்தின்படி அந்தப் பில்தான் சரக்கின் தரத்துக்கு அவர் உங்களுக்கு எழுதிக்கொடுத்த உத்தரவாதம். ‘பில் வேண்டாம் அண்ணாச்சி, அஞ்சு ரூபா குறைச்சுக்கலாம்’ என்பவரிடம் எண்ணெய் மட்டும் எடுக்காதீர்கள். அப்புறம், ‘ஜி.எம்.’ என்று அச்சடித்த பாக்கெட் என்றைக்காவது கடைக்கு வந்தால் ஒன்றைப் பிரிக்காமல் இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். காசு நான் தருகிறேன்.

கேள்வி: ஆய்வுக்கூடத்தில் ஒரு டெஸ்ட் போட்டால் தெரிந்துவிடப் போகிறது. இதற்கு ஏன் இவ்வளவு இழுபறி?
(உணவுத் தொழில்நுட்ப மாணவர், கோவை)

தம்பி, உன் வயதில் நானும் இப்படித்தான் நினைத்தேன்.

பருத்திக்கொட்டை எண்ணெயைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு பழைய சோதனை உண்டு, ஹால்ஃபன் சோதனை. சோதனைக் குழாயில் கொஞ்சம் எண்ணெய். கார்பன் டைசல்ஃபைடில் கந்தகத்தைக் கரைத்து அமைல் ஆல்கஹால் சேர்த்த கரைசல் அதே அளவு. உப்புத் தண்ணீர் கொதிக்கிற பாத்திரத்துக்குள் குழாயை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். எண்ணெய் மெதுவாக ரோஜா நிறத்துக்கு வரும், அப்புறம் செக்கச்செவேல். அந்தக் கார்பன் டைசல்ஃபைடு இருக்கிறதே, அழுகின முட்டைக்கோஸ் நாற்றம். அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்காது. கடலை எண்ணெய் என்று சீல் வைத்து வந்த மாதிரி இப்படிச் சிவந்துபோய், நான் அறிக்கை எழுதி, வழக்கு நடந்ததெல்லாம் உண்டு. (இலவம்பஞ்சுக் கொட்டை எண்ணெயும் சிவக்கும். அதை மறந்து அறிக்கை எழுதிய ஜூனியர் ஒருவரைக் குறுக்கு விசாரணையில் வக்கீல் உலுக்கி எடுத்துவிட்டார்.)

இந்தச் சோதனை ‘இது பருத்திக்கொட்டை’ என்று சொல்லும். எந்தப் பருத்தி என்று சொல்லாது. பி.டி. பருத்தியும் சிவக்கும், கருங்கண்ணியும் சிவக்கும். எண்ணெய்க்குக் கொழுப்பு தெரியும், மரபணு தெரியாது.

மரபணுவைப் பார்க்க பி.சி.ஆர். வேண்டும். வெளியிலிருந்து ஒரு மரபணுவைச் செருகும்போது அதை இயங்கவைக்க ஒரு சாவியும் சேர்த்துச் செருகுவார்கள். பல பயிர்களில் அந்தச் சாவி, 35எஸ் என்பது, காலிஃப்ளவர் மொசைக் வைரஸிடம் இரவல் வாங்கியது. பி.சி.ஆர். அந்தச் சாவியின் துண்டைத் தேடி, கோடி மடங்கு பெருக்கிக் காட்டும். மக்காச்சோளத்திலும் சோயா மாவிலும் அருமையாக வேலை செய்யும். ஆனால் ரீஃபைன்ட் எண்ணெய் என்பது பசை நீக்கி, காரம் போட்டு, வெளுத்து, உயர்வெப்பத்தில் நாற்றம் போக்கி வருவது. அதில் டி.என்.ஏ. மிஞ்சினால் அது அதிர்ஷ்டம். கிடைத்தால் ‘இருக்கிறது’ என்று எழுதலாம். கிடைக்காவிட்டால் ‘இல்லை’ என்று சத்தியம் பண்ண முடியாது.

2018இல் டெல்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையம் கடைகளில் 65 உணவுப் பொருள்களை வாங்கிச் சோதித்தது. 21இல் மரபணு மாற்றம் தெரிந்தது. பெரும்பாலானவை இறக்குமதி. ‘ஜி.எம். இல்லை’ என்று அச்சடித்திருந்த சிலவும் அந்த 21க்குள் இருந்தன. உள்நாட்டில் சிக்கியதில் பருத்திக்கொட்டை எண்ணெயும் உண்டு. ஆக, எண்ணெயில் கண்டுபிடிக்கவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது.

ஐரோப்பாக்காரன் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறான். அங்கே 2004 ஏப்ரலிலிருந்து எண்ணெயில் டி.என்.ஏ. இருக்கிறதா இல்லையா என்றே கேட்பதில்லை. மரபணு மாற்றிய விதையிலிருந்து வந்ததா? வந்தது என்றால் லேபிளில் எழுது. வயலிலிருந்து பாட்டில் வரை ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் காகிதம் இருக்க வேண்டும். எண்ணெய் பேசாது, ரசீது பேசும்.

2014 வாக்கில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், எங்கள் கூடத்துக்கு ஒரு லிட்டர் எண்ணெய் பாட்டிலோடு வந்தார். புது விதியைப் பேப்பரில் படித்துவிட்டு, ‘இது ஜி.எம்.மா என்று பார்த்துச் சொல்லுங்கள், கட்டணம் கட்டுகிறேன்’ என்றார். எங்களிடம் அப்போது பி.சி.ஆர். கருவியே இல்லை. அயோடின் எண், சோப்பு எண், ஹால்ஃபன் எல்லாம் பார்க்க முடியும், நீங்கள் கேட்பதை மட்டும் பார்க்க முடியாது என்று சொன்னேன். மனிதர் கோபப்படவில்லை. பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டே, ‘அப்ப எதுக்கும்மா அச்சடிச்சாங்க?’ என்றார். இந்த விஷயம் வரும்போதெல்லாம் அந்தக் குரல்தான் கேட்கிறது.

கேள்வி: சோயாப் புண்ணாக்கு மரபணு மாற்றியது, அதைத் தின்ற கோழியின் முட்டைக்கும் லேபிள் ஒட்ட வேண்டும் என்று ஒருத்தர் யூடியூபில் பேசுகிறார். எங்கள் பிழைப்பில் மண் விழுமா?
(கோழிப்பண்ணையாளர், நாமக்கல்)

விழாது. 2021 ஆகஸ்டில் தீவனத் தட்டுப்பாடு வந்து, சோயாப் புண்ணாக்கு விலை ஏறிக்கிடந்தபோது, மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது உண்மை. உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். கோழி அதைச் செரித்துத் தன் புரதமாக்குகிறது. சோயாவின் மரபணு முட்டைக்குள் போய் உட்காருவதில்லை. இந்த விஷயத்தில் மிகக் கறாரான ஐரோப்பாவில்கூட அந்த முட்டைக்கு லேபிள் கேட்பதில்லை. ஆனால் அங்கே தீவன மூட்டைக்குக் கேட்கிறார்கள். அது எனக்கு நியாயமாகப் படுகிறது. மூட்டை வாங்குகிறவரும் காசு கொடுத்துத்தானே வாங்குகிறார்?

கேள்வி: பழத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எண் 8இல் ஆரம்பித்தால் மரபணு மாற்றியது என்று குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
(இல்லத்தரசி, சென்னை அண்ணாநகர்)

ஒரு காலத்தில் ஐந்து இலக்க எண்ணில் 8ஐ அதற்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். கடைக்கு வந்த பழத்தில் அது பயன்பட்டதே இல்லை, பிறகு அந்த ஒதுக்கீட்டையும் கைவிட்டார்கள். 9இல் ஆரம்பித்தால் இயற்கை விளைச்சல், அது மட்டும் சரி. அந்த எண் கடையில் பில் போடுகிறவருக்காக, நமக்காக இல்லை. அனுப்பிய அத்தைக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: ரெட் லேடி பப்பாளி, விதையில்லாத திராட்சை, ஸ்வீட் கார்ன், மீல் மேக்கர் இதெல்லாம்?
(அதே வாசகி, பின்குறிப்பில்)

நாலும் இல்லை. ரெட் லேடி தைவானிலிருந்து வந்த வீரிய ஒட்டு ரகம். (மரபணு மாற்றிய பப்பாளி உண்டு, ஹவாயில் வைரஸ் நோய் தோட்டங்களை அழித்தபோது 1998இல் வந்தது.) விதையில்லாத் திராட்சை இயற்கையாக வந்த குணத்தைக் குச்சி நட்டுப் பெருக்கியது. ஸ்வீட் கார்ன் பேர்தான் அமெரிக்கன், விளைவது இங்கே. மரபணு மாற்றிய மக்காச்சோளத்துக்கு இந்தியாவில் சாகுபடி அனுமதி இல்லை. மீல் மேக்கரும் நம் ஊர்ச் சோயாவில் செய்தால் அதே கதை. சோயா எண்ணெய்தான் வேறு. அது பெரும்பாலும் அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கப்பலில் வருகிறது, அங்கே சோயா என்றாலே மரபணு மாற்றியதுதான். 2007இலேயே அந்த எண்ணெய் இறக்குமதிக்கு வழி திறந்துவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 2021 மார்ச் 1 முதல் ஆப்பிள், உருளைக்கிழங்கு, சோயா, மக்காச்சோளம், கத்தரி என்று 24 பயிர்களை இறக்குமதி செய்தால் ‘மரபணு மாற்றாதது’ என்று சான்றிதழ் வேண்டும். ஆக, சோயா பயறாக வந்தால் வாசலில் நிறுத்திச் சான்றிதழ் கேட்பார்கள். அதே சோயா எண்ணெயாக வந்தால் உள்ளே போ!

கேள்வி: இங்கே பாக்கெட்டில் ‘பயோஎஞ்சினியர்டு’ என்று பச்சை வட்டத்தில் போடுகிறார்கள். நம் ஊரைவிட இது எவ்வளவோ மேல் இல்லையா?
(வாசகர், நியூஜெர்சி, எடிசன்)

கொஞ்சம் மேல். நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

வெர்மான்ட் மாநிலம் தனியாக ஒரு லேபிள் சட்டம் போட்டு 2016 ஜூலை 1 முதல் அமல் என்றது. மாநிலத்துக்கு மாநிலம் லேபிள் மாற்ற வேண்டியிருக்குமே என்று கம்பெனிகள் பதறின. அதே மாதம் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் என்று ஒபாமா கையெழுத்திட்டார். 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். ஆனால் சொல்லைக் கவனித்தீர்களா? ஊரே ‘ஜி.எம்.ஓ.’ என்று பேசிக்கொண்டிருக்க, சட்டம் ‘பயோஎஞ்சினியர்டு’ என்று யாருக்கும் பழக்கமில்லாத ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தது. சின்னத்தைப் பார்த்தால் சூரியனும் வயலுமாக ஏதோ இயற்கை அங்காடி மாதிரி இருக்கிறது. தற்செயலாகக் கலந்தது ஒரு பொருளில் 5 சதவீதம் வரை இருந்தால் கேள்வியில்லை. ஐரோப்பாவில் அது 0.9. ஓட்டல்களுக்கு விலக்கு உண்டு. நன்கு சுத்திகரித்து, மாற்றிய மரபணு கண்டறிய முடியாமல் போன எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் விலக்கு வைத்தே விதியை எழுதினார்கள். ஜப்பானும் 2001இலிருந்தே லேபிள் வைத்திருக்கிறது, ஆனால் சோயா சாஸுக்கும் எண்ணெய்க்கும் விலக்கு, டோஃபு போன்றவற்றுக்குக் கட்டாயம்.

எந்த நாட்டுச் சட்டத்தையும் எடைபோட நான் வைத்திருக்கும் கல் இதுதான்: எண்ணெயை என்ன செய்திருக்கிறான் என்று பார்ப்பேன். சமையலறைக்கு இந்தச் சமாசாரம் பெரும்பாலும் எண்ணெய் வழியாகத்தான் வருகிறது. அதை விட்டுவிட்டுப் போடும் லேபிள், வாசலைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலுக்குக் கம்பி போடுவது.

உங்களுக்கு ஒரு உபரித் தகவல். அமெரிக்க வேளாண் துறை வைத்திருக்கும் ‘பயோஎஞ்சினியர்டு’ பட்டியலில் சோயா, மக்காச்சோளம், கனோலா (கடுகு இனத்து எண்ணெய் வித்து) வரிசையில் நம் கத்தரிக்காயும் இருக்கிறது. வங்கதேசத்தின் பி.டி. கத்தரி ரகங்கள்.

கேள்வி: அந்தக் கத்தரிக்காய் இங்கே வராமல் தடுத்தோம். இப்போது மரபணுத் திருத்தம் செய்த நெல் என்று வந்துவிட்டது. அதற்கு லேபிள் உண்டா?
(பாரம்பரிய நெல் விவசாயி, திருத்துறைப்பூண்டி)

ஐயா, கத்தரி கதையை இளையவர்களுக்காக இரண்டு வரி. 2009 அக்டோபரில் மத்தியக் குழு பி.டி. கத்தரிக்கு ஒப்புதல் கொடுத்தது. 2010 பிப்ரவரி 9 அன்று அப்போதைய மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். தயாராக இருந்தவற்றில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ரகங்களும் உண்டு: கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1. மதுரை, கிள்ளிகுளம், பாலூர் என்று ஊர்ப்பேர் தாங்கிய நம் கத்தரிகள். வங்கதேசம் 2013இல் அனுமதித்து 2014இல் விவசாயிகளுக்குக் கன்று கொடுத்தது. இங்கே தடை இருந்தும் 2019இல் ஹரியானாவில், ஃபதேஹாபாத்தில், ஒரு வயலில் பிடிபட்டது. கத்தரிக்காய் பொட்டலத்தில் வருவதில்லை. சந்தையில் அது பிடிபடாமலே போயிருந்தால் எந்த லேபிள் காட்டிக்கொடுத்திருக்கும்?

நெல்லுக்கு வருவோம். 2025 மே மாதம் இரண்டு ரகங்களை அறிவித்தார்கள். ஒன்று கமலா, இது சம்பா மசூரியிலிருந்து, அதாவது நம் கடைகளில் ஆந்திராப் பொன்னி என்று ஓடும் பி.பி.டி. 5204இலிருந்து வந்தது. இன்னொன்று பூசா டி.எஸ்.டி. 1. இவற்றில் வெளி உயிரின் மரபணு எதுவும் செருகவில்லை, உள்ளே இருப்பதையே திருத்தியிருக்கிறார்கள். அதனால் 2022 மார்ச்சிலேயே இந்த வகைத் திருத்தங்களுக்கு, மரபணு மாற்று உயிரிகளைக் கட்டுப்படுத்தும் 1989 விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். ‘ஜி.எம்.’ என்ற கணக்கில் இது வராது, ஆகவே அந்த இரண்டு எழுத்தும் இதற்குப் பொருந்தாது. 35எஸ் சாவியும் கிடையாது, எனவே வழக்கமான பி.சி.ஆர். வலையிலும் விழாது.

என் கருத்து கேட்டால், ரகத்தின் பெயரையாவது மூட்டையில் போடலாம். இன்றைக்கு ‘பொன்னி’ என்று எழுதிய மூட்டைக்குள் என்ன ரகம் இருக்கிறது என்று அரிசிக்கடைக்காரர் சத்தியம் செய்யத் தயாரா? மரபணு இருக்கட்டும், அரிசிக்குப் பேர் வைப்பதிலேயே நாம் இன்னும் நேர்மைக்கு வரவில்லை.

கேள்வி: மரபணு மாற்றிய உணவு ஆபத்து என்று நிரூபணம் இல்லையே. பிறகு லேபிள் எதற்கு? ஜனங்களைப் பயமுறுத்தவா?
(பொறியாளர், திருச்சி)

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி எதற்கு இருக்கிறது? முட்டை ஆபத்து என்றா? இல்லையே. சாப்பிடாதவர் ஒருவர் இருக்கிறார், அவர் தெரிந்து வாங்கட்டும் என்று. கள்ளிக்குடியில் விளைந்ததா கலிஃபோர்னியாவில் விளைந்ததா என்பதும் ஆபத்து சம்பந்தப்பட்டது இல்லை. கேட்டால் சொல்ல வேண்டியது விற்கிறவன் கடமை.

உங்கள் பயத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. முன்முகத்தில் உச்சியில் தனியாக இரண்டு எழுத்து போட்டால் அது சிகரெட் அட்டையில் மண்டை ஓடு போட்ட மாதிரிதான் இருக்கும். எந்தக் கம்பெனி தானாக முன்வந்து போடும்? போடாமல் விட்டதில் ஆச்சரியமே இல்லை. எனக்கு விட்டால், பின்பக்கம், சேர்மானப் பட்டியலில், எண்ணெயின் பேருக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் போடச் சொல்வேன். பார்க்க வேண்டியவர் அங்கேதான் பார்க்கிறார்.

இன்னொன்று, எங்கள் தொழிலில் ஒரு நல்ல பழைய ஏற்பாடு இருந்தது. வனஸ்பதியை நெய்யில் கலந்துவிடுகிறார்கள் என்று, வனஸ்பதி தயாரிக்கும்போதே 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நல்லெண்ணெய் இருந்தால் பௌடூயின் சோதனையில் சிவக்கும். நெய் சிவந்தால் திருடன் அகப்பட்டான். காகிதத்தில் எழுதிய லேபிளைக் கிழித்துவிடலாம், பண்டத்துக்குள்ளேயே எழுதியதைக் கிழிக்க முடியாது. அப்படி யோசித்த அதிகாரிகள் இருந்த தேசம்தான் இது.

கேள்வி: ‘நான்-ஜி.எம்.ஓ.’ உப்பு கிலோ 180 ரூபாய்க்கு வாங்கினேன். நல்லதுதானே?
(வாசகி, பெங்களூரு)

உப்புக்கு மரபணு கிடையாது அம்மா. மீதி 150 ரூபாய்க்குக் கத்தரிக்காய் வாங்கியிருக்கலாம்.

கேள்வி: இவ்வளவு சொன்னீர்கள். நாளைக்குக் கடைக்குப் போனால் நான் எதைப் பார்த்து வாங்குவது, அதை மட்டும் சொல்லுங்கள்.
(ஆட்டோ ஓட்டுநர், திருநெல்வேலி)

முன்முகத்தில் தேடாதீர்கள், திருப்புங்கள். இப்போது என் மேசையில் ஒரு மிக்சர் பாக்கெட் இருக்கிறது. கடலை மாவு, அவல், அப்புறம் ‘சமையல் தாவர எண்ணெய்’ என்று எழுதி அடைப்புக்குறிக்குள் ‘பருத்திக்கொட்டை, பாமோலின்’. வெறுமனே தாவர எண்ணெய் என்று மட்டும் போட்டுவிட்டுத் தப்ப முடியாது, எந்த எண்ணெய் என்று பேர் சொல்லியே ஆக வேண்டும் என்பது விதி. இந்த விதியை மட்டும் பெரும்பாலான கம்பெனிகள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கின்றன. ஆகவே அந்த அடைப்புக்குறிதான் நமக்கு லேபிள். பருத்திக்கொட்டை, சோயா, கனோலா, இறக்குமதியான மக்காச்சோளம் என்ற நாலு பேரில் ஒன்று இருந்தால் மரபணு மாற்றியதாக இருக்க வாய்ப்பு அதிகம். பாமாயிலில் கிடையாது, ஆகவே ரேஷன் எண்ணெயைப் பற்றி இந்தக் கவலை வேண்டாம். கடலை, எள், தேங்காய், சூரியகாந்தி, தவிடு இவற்றிலும் கிடையாது. செக்கு எண்ணெய் என்றால் செக்குக்காரரிடம் கொட்டையைக் காட்டச் சொல்லுங்கள், சந்தோஷமாகக் காட்டுவார். அரசு முத்திரையுள்ள இயற்கை விளைபொருள் என்றால் மரபணு மாற்று விதைக்கு அதில் இடமில்லை, ஆனால் விலை உங்களுக்கும் எனக்கும் கட்டுப்படியாகாது.

லேபிளில் எண்ணெயின் பேரே இல்லாத பாக்கெட் கையில் கிடைத்தால் அதைப் படம் எடுத்து 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். ஆட்டோ மீட்டர் சண்டைக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

அடுத்த இதழில்: பெருங்காய டப்பாவில் பெருங்காயம் எவ்வளவு, மைதா எவ்வளவு? கேள்விகளை 10ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். டப்பாவையும் சேர்த்து அனுப்புகிறவர்கள் மூடியை டேப் போட்டு ஒட்டி அனுப்பவும். போன தடவை தபால் பை முழுக்க மணத்ததாம்.